குழிக்குள் ஒரு களஞ்சியக்காரன்

நம் வீட்டுக் கொய்யா மரத்தில் ஓடியாடும் அணிலை நீங்கள் நன்கு அறிவீர்கள். இன்று பறிக்கலாம் என்று நாம் எண்ணியிருந்த பழத்தை, நாம் எழுந்து வருவதற்குள் அது கடித்துச் சுவைத்திருக்கும். நாம் கை தட்டி விரட்டுவோம், அத்துடன் சரி. இராமருக்கு அணை கட்ட உதவிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆதலால், அதன்மேல் நமக்குக் கோபம் நீடிப்பதில்லை.

இந்த அணிலுக்கு வட அமெரிக்காவில் தூரத்து உறவினர் ஒருவர் இருக்கிறார். அவருடைய முதுகிலும் கோடுகள் உண்டு. ஆனால் அவர் குடியிருப்பது மரத்தில் அன்று, மண்ணுக்கு அடியில். அவர் பெயர் சிப்மங்க். வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பெயர் இது. இருபத்தைந்து வகைச் சிப்மங்குகளில் ஒன்று மட்டும் ஆசியாவுக்கு உரியது. மற்றவை எல்லாம் வட அமெரிக்காவைச் சேர்ந்தவை.

உள்ளங்கையில் அடங்கும் இந்த விலங்கிடமிருந்து வீட்டையும் தோட்டத்தையும் காப்பது எப்படி? கேள்வி மிகச் சிறியதுதான். ஆனால் அதற்கு விடை தேடிய வரலாறு நஞ்சுகளின் வரலாறாகவும், சட்டங்களின் வரலாறாகவும், ஏன், ஓர் ஆந்தையின் மரணமாகவும் விரிகிறது. வாருங்கள், அந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ஏன் சேமிக்கிறது?

முதலில் எதிராளியை அறிந்துகொள்வோம். கிழக்கு அமெரிக்கச் சிப்மங்கின் எடை ஏறத்தாழ 100 கிராம். நம் எடை 60 கிலோகிராம் என்று கொண்டால், நாம் அதைப்போல் 600 மடங்கு. ஒரு பொருளின் எடை 600 மடங்கு உயர்ந்தால், அதன் நீளம் 600-இன் கனமூலம் அளவுக்கு, அதாவது சுமார் 8.4 மடங்கு மட்டுமே உயரும். மேற்பரப்பு நீளத்தின் இருமடியாகவும், எடை நீளத்தின் மும்மடியாகவும் வளர்வதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு கிராம் எடைக்கும் சிப்மங்கிற்கு இருக்கும் மேற்பரப்பு நம்முடையதைப்போல் எட்டு மடங்குக்கு மேல்! வெப்பம் வெளியேறுவது மேற்பரப்பின் வழியாக அல்லவா? எனவே சிறு விலங்கு விரைவில் குளிர்ந்துவிடும். அதை ஈடுகட்ட ஓயாமல் உண்ண வேண்டும்.

பனி மூடிய குளிர்காலத்தில் உணவுக்கு எங்கே போவது? ஆகையால் இலையுதிர் காலத்திலேயே ஓக் கொட்டைகளையும் விதைகளையும் இரு கன்னப் பைகளிலும் திணித்துக்கொண்டு வந்து குழியில் சேர்க்கிறது. குளிர்காலத்தில் உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு உறங்குகிறது. சில நாட்களுக்கு ஒருமுறை விழித்தெழுந்து, சேமித்ததைத் தின்றுவிட்டு மீண்டும் உறங்குகிறது. இதன் விலங்கியல் பெயர் ‘தாமியாஸ்’. பண்டசாலைப் பொறுப்பாளர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். பொருத்தமான பெயர்தான்!

ஆனால் தோட்டக்காரரின் பார்வையில் இந்தக் களஞ்சியக்காரன் திருடன். நட்ட துலிப் கிழங்கைத் தோண்டி எடுக்கிறான். விதைத்த மக்காச்சோளத்தைப் பொறுக்குகிறான். படிக்கட்டின் அடியில் வளை தோண்டுகிறான். இவனை என்ன செய்வது?

தலைக்கு மூன்று பென்ஸ்

அணில் இனத்தோடு குடியேறியவர்கள் தொடுத்த போர் பழமையானது. 1749-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாக் குடியேற்ற நாட்டில் பயிர்களைத் தின்ற மர அணில்களைக் கொல்வதற்கு அரசு பரிசு அறிவித்தது. ஒரு தலைக்கு மூன்று பென்ஸ். அந்த ஓர் ஆண்டில் மட்டும் கொடுத்த தொகை 8,000 பவுண்டு. அப்போது அங்கே பயணம் செய்துகொண்டிருந்த சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் பேர் கால்ம் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பவுண்டு 240 பென்ஸ். கணக்குப் போட்டால், கொல்லப்பட்ட அணில்கள் 6,40,000! வேலையாட்கள் வயலை விட்டுக் காட்டுக்கு ஓடினார்கள்; கருவூலம் காலியாயிற்று; பரிசுத் தொகையைப் பாதியாகக் குறைக்க நேர்ந்தது. அத்தனை கொன்ற பிறகும் அணில் இனம் ஒழிந்ததா என்றால், இல்லை.

இங்கே ஒரு கேள்வி. அணில்கள் தின்ற தானியத்தின் மதிப்பு 8,000 பவுண்டுக்கு மேலா, கீழா? யாரும் அளக்கவில்லை. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அது நம்மோடு வரும்.

அளக்கத் தொடங்கிய காலம்

அளக்கும் எண்ணம் வர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1885-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, பறவைகளும் விலங்குகளும் பயிருக்குச் செய்யும் நன்மை தீமைகளை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. கிளின்டன் ஹார்ட் மெரியம் என்ற இயற்கை அறிஞர் அதற்குத் தலைவரானார். எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று ஊகிக்காமல், அதன் இரைப்பையைத் திறந்து உள்ளே இருப்பதை எண்ணிப் பார்த்தார்கள்.

இந்த முறையில் நடந்த ஆராய்ச்சிகளில் புகழ் பெற்றது ஆல்பர்ட் பிஷர் என்பவர் 1893-இல் வெளியிட்ட நூல். பருந்துகளையும் ஆந்தைகளையும் கோழி திருடிகள் என்று உழவர்கள் சுட்டுக் கொன்றுவந்த காலம் அது. பிஷர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இரைப்பைகளை ஆராய்ந்தார். அவற்றில் பெரும்பாலும் இருந்தவை கோழிகள் அல்ல. எலிகளும் பிற கொறிவிலங்குகளும் பூச்சிகளுமே. பருந்தும் ஆந்தையும் உழவனின் நண்பர்கள் என்பது எண்ணிக்கையால் நிறுவப்பட்டது. அளந்து பார்த்ததால் கிடைத்த பயன் இது.

எட்டிக்கொட்டையும் தாலியமும்

ஆனால் அடுத்து வந்த காலம் வேறு வகையானது. 1900-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிளேக் நோய் தோன்றியது. முதலில் எலிகளிடம் இருந்த நோய் 1908-இல் கலிபோர்னியாவின் தரை அணில்களிடமும் பரவியிருப்பது தெரியவந்தது. அச்சம் நியாயமானதே. நஞ்சு கலந்த தானியம் பரந்த வெளிகளில் தூவப்பட்டது. அந்தத் தானியத்துக்கு ‘இது தரை அணில், இது சிப்மங்க், இது காடை’ என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா?

அக்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்ட நஞ்சு ஸ்டிரிக்னின். இதன் தாய்மரம் உங்களுக்குப் பழக்கமானதுதான்: நம் எட்டி மரம்! ‘எட்டி பழுத்தென்ன’ என்று நாம் ஒதுக்கும் அந்த மரத்தின் கொட்டைகள் இந்தியாவிலிருந்து மேல்நாடுகளுக்குக் கப்பலேறின. 1818-இல் பெல்தியே, கவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலார் இருவர் எட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொட்டையிலிருந்து இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தனர். தசைகளின் இயக்கத்தை மட்டுப்படுத்தும் நரம்புச் செய்தியை இது தடுத்துவிடுகிறது. உடல் முழுவதும் வெட்டி இழுத்து, மூச்சு நின்று உயிர் போகிறது.

அடுத்து வந்தது தாலியம். இது இயற்பியல் மாணவர்களுக்கு அழகான ஒரு கதையின் நாயகன். 1861-இல் வில்லியம் குரூக்ஸ் நிறமாலைக் கருவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதுவரை யாரும் கண்டிராத பச்சைக் கோடு ஒன்று பளிச்சிட்டது. பசுந்தளிர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அந்தத் தனிமத்துக்குப் பெயரிட்டார். அதன் உப்புகளுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. 1920-களில் அது கொறிவிலங்குகளைக் கொல்லும் நஞ்சாயிற்று. எலிக்குத் தெரியாத நஞ்சு மனிதனுக்கும் தெரியாது அல்லவா? 1932-இல் கலிபோர்னியாவில், தரை அணிலுக்காகத் தாலியம் கலந்து வைத்திருந்த பார்லி மூட்டை ஒன்று ஏழைத் தொழிலாளர் குடும்பத்தின் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது. மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டார்கள். பலர் நோயில் விழுந்தனர், சிலர் மாண்டனர். வீடுகளில் தாலிய நஞ்சைப் பயன்படுத்துவதை அமெரிக்கா தடுத்தது 1965-இல். இடையே கழிந்தவை முப்பத்து மூன்று ஆண்டுகள்!

ஒரு மாடும் ஒரு பால் கேனும்

1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற உழவர் செத்துப்போன தம் கிடேரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், அழுகிய தீவன வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சுமார் 300 கிலோமீட்டர் கடந்து மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் ஆய்வகக் கதவு மட்டும் திறந்திருந்தது. மக்கிய தீவனம் தின்ற மாடுகளின் இரத்தம் ஏன் உறையவில்லை என்பதே புதிர்.

விடை காண ஆறு ஆண்டுகள் ஆயின. 1939-இல் லிங்கின் ஆய்வகத்தில் டைகூமரால் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தம் உறையத் தேவையான கே உயிர்ச்சத்தின் வேலையை இது முடக்குகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வார்பரின் 1948-இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. உண்ட உடனே இறப்பதில்லை. சில நாட்கள் கழித்தே இறப்பு நேர்கிறது. எனவே பிற எலிகளுக்கு ஐயம் எழுவதில்லை. 1954 முதல் அதே வார்பரின், அளவோடு கொடுத்தால் இரத்தக் கட்டியைத் தடுத்து உயிர் காக்கும் மருந்தாகவும் பயன்படத் தொடங்கியது. அளவே நஞ்சையும் மருந்தையும் பிரிக்கும் கோடு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆனால் 1958-இல் ஸ்காட்லாந்தில் வார்பரினுக்கு அசையாத எலிகள் காணப்பட்டன. அவற்றை வெல்ல 1970-களில் மேலும் வலிய நஞ்சுகள் தோன்றின. அவை ஒரே வேளை இரையில் கொல்லும். உண்ட விலங்கின் ஈரலில் நெடுநாள் தங்கும். அந்த விலங்கை உண்ணும் பறவையின் உடலிலும் சேரும்.

காட்டிலும் சிப்மங்க் தப்பவில்லை. 1950-களிலும் 60-களிலும் மரம் வளர்க்கத் தூவிய பைன் விதைகளைக் கொறிவிலங்குகளும் பறவைகளும் தின்றுவிடாமல் இருக்க, என்டிரின் என்ற கொடிய நஞ்சைப் பூசினார்கள். 1962-இல் ரேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்தம்’ வெளியானபின் மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கினர். 1970-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. 1972-இல் மத்திய அரசு நிலங்களில் ஊனுண்ணிகளைக் கொல்ல நஞ்சு வைப்பதைத் தடுக்கும் ஆணை வந்தது. 2008-இல், நெடுநாள் தங்கும் எலி நஞ்சுகளைப் பொதுமக்களுக்குக் கடைகளில் விற்பதற்கு அந்த அமைப்பு கட்டுப்பாடு விதித்தது.

கட்டுப்பாடு வந்தும் கதை முடியவில்லை. 2023 பிப்ரவரியில் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து பிளாக்கோ என்ற பெரிய ஆந்தை தப்பியது. ஓராண்டு நகர மக்களின் செல்லமாக வாழ்ந்து, 2024 பிப்ரவரியில் ஒரு கட்டடத்தில் மோதி விழுந்து இறந்தது. உடலை ஆராய்ந்தபோது, புறாக்களிடமிருந்து தொற்றிய ஒரு வைரசுடன், நான்கு வகை எலி நஞ்சுகளும் இருந்தன. 1893-இல் நண்பன் என்று நிறுவப்பட்ட ஆந்தைக்கு நாம் வழங்கிய கைம்மாறு இது!

வீட்டுக்கு எவ்வளவு ஆபத்து?

மீண்டும் நம் பழைய கேள்விக்கு வருவோம். சிப்மங்க் செய்யும் கேடு உண்மையில் எவ்வளவு? அது வளை தோண்டினால் வீடே சரிந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. இதை ஒரு கணக்காக என் மாணவர்களிடம் கொடுத்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வளையின் விட்டம் 5 செ.மீ. நீளம் மிகுதியாகப் போனால் 9 மீட்டர். உருளையின் கன அளவு: 3.14 × 2.5 × 2.5 × 900. விடை சுமார் 17,700 கன செ.மீ., அதாவது ஏறத்தாழ 18 லிட்டர். ஒரு பெரிய வாளி மண்! அதுவும் ஒரே இடத்தில் அன்று. 9 மீட்டர் நீளத்துக்குப் பரவியது. கூடும் களஞ்சிய அறையும் இன்னும் சில லிட்டர் இருக்கலாம். பனி உறையும் நாடுகளில் மண் உறைந்து மேலெழும் ஆழத்துக்கும் கீழே அடித்தளம் இடுவது வழக்கம். சிப்மங்கின் வளை பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். ஆக, வீடு சரியாது. ஆழமில்லாமல் மண்மேல் அமர்ந்திருக்கும் படிக்கட்டு, நடைபாதைக் கல், சிறு தாங்குசுவர் ஆகியவை மட்டும் சற்று இறங்கக்கூடும். அவற்றைக் கவனித்தால் போதும்.

1994-இல் அமெரிக்காவில் வெளிவந்த வனவிலங்குச் சேதத் தடுப்புக் கையேடும் இதையே கூறியது: சிப்மங்க் பெரிய வேளாண் பகைவன் அன்று, பெரும்பாலும் தொல்லை மட்டுமே. அதைக் கொல்வதற்கென மத்திய அரசில் பதிவான நஞ்சு எதுவும் அப்போது இல்லை. வளையில் புகையிடுவதும் பயன் தருவது அரிது. சிப்மங்க் தன் வாசலைச் சுற்றி மண் குவிப்பதில்லை ஆதலால், வாசல்களைக் கண்டுபிடிப்பதே கடினம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1975-இல் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரில் பல குழந்தைகளுக்கு மூட்டு வீக்கம் கண்டது. 1981-இல் வில்லி பர்க்டார்பர் அந்நோயின் கிருமியை உண்ணிகளின் உடலில் கண்டார். வெள்ளைக்கால் சுண்டெலியிடமும் சிப்மங்கிடமும் இரத்தம் குடிக்கும் இளம் உண்ணிகள் அங்கே கிருமியைப் பெறுகின்றன. 2006-இல் ரிச்சர்ட் ஆஸ்ட்பெல்ட் குழுவினர் நியூயார்க் மாநிலத்தில் 13 ஆண்டுகள் எண்ணித் திரட்டிய கணக்கை வெளியிட்டனர். ஓர் ஆண்டின் நோய் அபாயத்தை முன்கூட்டிச் சொல்வது அதற்கு முந்தைய ஆண்டின் சுண்டெலி, சிப்மங்க் எண்ணிக்கை; அதற்கும் முந்தைய ஆண்டின் ஓக் கொட்டை விளைச்சல்!

ஓக் மரம் நன்கு காய்த்தால் மறு ஆண்டு சிப்மங்க் பெருகும். 2019-இல் நியூ இங்கிலாந்தில் ஓக் கொட்டை அமோகம். 2020 கோடையில் தோட்டமெங்கும் சிப்மங்குகள். உணவே அதன் எண்ணிக்கையை ஆள்கிறது. உணவு இருக்கும்வரை, ஒன்றைக் கொன்றால் காலியான இடத்துக்கு மற்றொன்று வந்துவிடும்.

கதவை மூடும் கலை

அப்படியானால் என்ன செய்யலாம்? கால் அங்குலக் கண்ணுள்ள, அதாவது சுமார் 6 மி.மீ. இடைவெளியுள்ள கம்பி வலையே இன்று முதல் ஆயுதம். படிக்கட்டின் ஓரத்தில் வலையை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக ஒரு சாணுக்கு மேல் மடித்துப் புதைக்கிறார்கள். விலங்கு சுவரை ஒட்டியே தோண்டுகிறது; வலை தடுக்கிறது. சற்றுப் பின்னே நகர்ந்து, மடிப்பைக் கடந்து தோண்டினால் உள்ளே போகலாம் என்பது அதற்குத் தோன்றுவதில்லை. துலிப் கிழங்குகளை நட்டபின் மேலே அதே வலையை விரித்து மண் மூடலாம். அல்லது சிப்மங்க் தொடாத டாபடில் கிழங்கை நடலாம். பறவைகளுக்குத் தீனி வைக்கும் தட்டை வீட்டிலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும். சிந்தும் விதைதான் விருந்துக்கு அழைப்பு. விறகுக் குவியலும் கற்குவியலும் சுவரோரம் இருக்கக் கூடாது. இவ்வளவும் போதாதபோது பொறி வைக்கிறார்கள். உயிருடன் பிடித்து வேறிடத்தில் விடுவதற்குப் பல மாநிலங்களில் அனுமதி வேண்டும். நோயும் உடன் பயணம் செய்யும் அல்லவா?

2021 ஆகஸ்டில் தாகோ ஏரிக்கரையில் சில சிப்மங்குகளிடம் பிளேக் கிருமி காணப்பட்டது. அதிகாரிகள் சுற்றுலா இடங்களைச் சில நாட்கள் மூடி, நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளைக் கட்டுப்படுத்தினார்கள். 1908-இல் கையாண்ட முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து என்றும் எண்ணிவிடாதீர்கள். ஆசியாவுக்குரிய சைபீரியச் சிப்மங்க் செல்லப் பிராணியாக ஐரோப்பாவுக்குச் சென்று, கைவிடப்பட்டுக் காடுகளில் பெருகியது. பாரிசுக்கு அருகே செனார் காட்டில் நடந்த ஆராய்ச்சி, அங்குள்ள சொந்த எலிகளைவிட இந்த விருந்தாளியே லைம் கிருமியுள்ள உண்ணிகளை மிகுதியாக உண்டாக்குகிறது என்று 2013-இல் காட்டியது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்து, விற்பனையையும் வளர்ப்பையும் தடுத்தது. தாயகத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க விலங்கு, அயல் மண்ணில் அப்படி இல்லை. இதையும் சொன்னது அளவீடுதான்.

1749-இல் தலைக்கு மூன்று பென்ஸ் கொடுத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். தாலியம் தூவியவர்கள் கொடியவர்களும் அல்லர். பயிர் இழந்த உழவனின் துயரமும், பிளேக்கைக் கண்ட நகரத்தின் அச்சமும் மெய்யானவை. ஆனால் எவ்வளவு கேடு, யாரால், எந்த வழியில் என்று எண்ணிப் பார்க்கும் முன்பே அவர்கள் நஞ்சுப் புட்டியைத் திறந்தார்கள். அந்தக் கணக்கில் விடுபட்ட ரொட்டியும் ஆந்தையும் பின்னால் வந்து நின்றன.

நாளை உங்கள் வீட்டில் எலியோ அணிலோ தொல்லை கொடுக்கலாம். கடைக்குப் போய் நஞ்சு வாங்கும் முன், ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். அது எங்கே நுழைகிறது? துளையின் அகலம் என்ன? எதைத் தின்ன வருகிறது? இந்த மூன்று கேள்விக்கும் விடை எழுதிவிட்டால், பெரும்பாலும் நஞ்சு தேவைப்படாது. ஒரு முழம் கம்பி வலை போதும்.